ரோம் பிறந்த கதையை வகுப்பில் சொல்வது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் எழுதிய கடிதங்களில், ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் வரும் ‘செவ்வியல் உலகம்’ பாடத்தை ஒட்டி ரோமானியரின் தோற்றக் கதைகளைப் பற்றிய கேள்விகளே மிகுதியாக இருந்தன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: ரோமுலஸ், ரெமஸ் கதையைச் சொல்லி முடித்ததும், “இது உண்மையா, டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மை என்று சொல்ல மனம் வரவில்லை. கட்டுக்கதை என்றால், “அப்படியானால் இதை ஏன் படிக்க வேண்டும்?” என்கிறார்கள். ஒரு பாடவேளைக்குள் இதை எப்படிக் கையாள்வது, ஐயா?
— பட்டதாரி ஆசிரியை, குடியாத்தம்

பதில்: உங்கள் மாணவர்களின் கேள்வி நல்ல கேள்வி. அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, அதன் கீழே இன்னொன்றையும் எழுதுங்கள்: ‘இந்தக் கதையை யார், எப்போது, யாருக்காகச் சொன்னார்கள்?’ முதல் கேள்விக்குரிய விடை ஒரு வரியில் முடிந்துவிடும். பிள்ளைகளை வரலாற்றுக்குள் அழைத்துச் செல்வது இரண்டாவது கேள்விதான்.

முதலில் கதையைக் கதையாகவே முழுமையாகச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி விளக்கத் தொடங்கினால் கதையும் கெடும், விளக்கமும் மனத்தில் நிற்காது. ஆல்பா லோங்கா என்னும் பழைய இத்தாலிய நகரத்தை ஆண்ட நூமிடோரை அவருடைய தம்பி அமூலியஸ் அரியணையிலிருந்து இறக்கினான். அண்ணன் வழியில் வாரிசு தோன்றக் கூடாதென்று அவர் மகள் ரியா சில்வியாவை, மணம் செய்துகொள்ளக் கூடாத வெஸ்டா தேவியின் பூசாரிணியாக்கினான். ஆயினும் போர்க்கடவுளான மார்ஸின் அருளால் அவளுக்கு இரட்டை ஆண்மக்கள் பிறந்தனர். அரசனின் ஆணைப்படி டைபர் ஆற்றில் விடப்பட்ட அக்குழந்தைகள், வெள்ளம் வடிந்தபோது ஓர் அத்தி மரத்தடியில் ஒதுங்கினர். தண்ணீர் குடிக்க வந்த பெண் ஓநாய் அவர்களுக்குப் பாலூட்டியது. ஃபாஸ்டுலஸ் என்னும் இடையர் எடுத்து வளர்த்தார். வளர்ந்து ஆளான இருவரும் அமூலியஸைக் கொன்று பாட்டனாருக்கு நாட்டை மீட்டுத் தந்தபின், தாம் ஒதுங்கிய இடத்திலேயே புதிய நகரம் அமைக்கப் புறப்பட்டார்கள். நகருக்கு யார் பெயரை வைப்பது, யார் ஆள்வது என்று பறவைச் சகுனம் பார்த்தபோது, அவென்டைன் குன்றில் நின்ற ரெமஸுக்கு முதலில் 6 கழுகுகளும், பாலடைன் குன்றில் நின்ற ரோமுலஸுக்குப் பிறகு 12 கழுகுகளும் தென்பட்டன. முதலில் கண்டவனா, அதிகம் கண்டவனா என்ற வழக்கு கைகலப்பாகி, ரெமஸின் உயிரைக் கொண்டுபோனது. இவ்வளவையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அடுத்துக் கதை சொன்னவர்களிடம் வாருங்கள். நமக்கு இந்தக் கதையை விரிவாகத் தருபவர்களில் முதன்மையானவர் லிவி. முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காலத்தில் 142 நூற்பகுதிகளாக அவர் எழுதிய ரோம வரலாற்றில் 35 பகுதிகளே இன்று எஞ்சியிருக்கின்றன. ரோம் நிறுவப்பட்டதாகக் கூறப்படும் ஆண்டு கி.மு. 753, லிவி எழுதத் தொடங்கியது ஏறத்தாழ 725 ஆண்டுகள் கழித்து. வேலூர்க் கோட்டையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த இடைவெளியைப் புரியவைப்பது எளிது: அந்தக் கோட்டைக்கும் நமக்கும் இடையே சுமார் 450 ஆண்டுகள்தாம், ரோமுலஸுக்கும் லிவிக்கும் இடையே அதைவிடவும் ஏறக்குறைய 275 ஆண்டுகள் கூடுதல். கி.மு. 390 வாக்கில் கால் (Gaul) என்னும் இனத்தவர் ரோமைத் தாக்கி எரித்தபோது பழைய ஆவணங்களில் பெரும்பாலானவை அழிந்தன என்று லிவியே எழுதுகிறார். நகரம் நிறுவப்படுவதற்கு முந்தைய செய்திகள் கவிஞர்களின் கதைகளுக்குப் பொருந்துவன என்றும், அவற்றைத் தாம் உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றும் தம் முன்னுரையில் அவர் சொல்லிவிடுகிறார். வகுப்பில் எந்த ஒரு செய்தியை விட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். “உண்மையா?” என்ற கேள்வி நமக்கு மட்டும் எழுந்ததன்று, அந்தக் காலத்து எழுத்தாளருக்கும் எழுந்தது என்று அறியும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நீங்கள் பார்ப்பீர்கள்.

“ஏன் படிக்க வேண்டும்?” என்பதற்கு வருகிறேன். ரோமானியர் இக்கதையை ஏட்டில் எழுதி மூடிவைக்கவில்லை, அரசியலில் பயன்படுத்தினார்கள். நகரத்தில் மக்கள்தொகை போதாதபோது, கேபிடோலைன் குன்றில் அடைக்கல இடம் ஒன்றைத் திறந்து, நாடு கடத்தப்பட்டவர், ஓடிவந்த அடிமைகள் என எவர் வந்தாலும் ரோமுலஸ் ஏற்றுக்கொண்டார் என்று அந்தக் கதை சொல்கிறது. தம் முன்னோரை இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை சமுதாயங்கள் துணியும்? அதே பாடத்தில் வரும் ஏதென்ஸ் நகரத்தார், தாங்கள் அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்று பெருமை பேசினார்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே பெற்றோர் இருவரும் குடியுரிமை உடையவராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ரோமானியரோ தாம் வென்ற மக்களையும் விடுதலை பெற்ற அடிமைகளையும் குடிமக்களாக்கிக்கொண்டே போனார்கள். கி.பி. 48இல் கால் நாட்டுத் (இன்றைய பிரான்ஸ் பகுதி) தலைவர்களை ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் சேர்க்கலாமா என்று எதிர்ப்பு எழுந்தபோது, ஒரே நாளில் பகைவராகவும் பின்னர் குடிமக்களாகவும் பலரை ஏற்றவர் ரோமுலஸ் என்று பேரரசர் கிளாடியஸ் வாதாடியதாக வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். ஓநாய் பால் கொடுத்ததா என்பதற்குச் சான்று இல்லை. அந்தக் கதையை நம்பிய மக்கள் தங்கள் சட்டத்தையும் அரசியலையும் அதைச் சுட்டிப் பேசினார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. மாணவர்கள் படிக்க வேண்டிய வரலாறு இந்த இரண்டாவதில் இருக்கிறது.

‘பொய்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். பொய் என்றால் ஏமாற்ற நினைத்த ஒருவர் இருக்க வேண்டும். ‘தொன்மம்’ என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகள் தலபுராணம் கேட்டு வளர்ந்தவர்கள். ஓர் ஊரைப் பற்றி அதன் மக்கள் தலைமுறை தலைமுறையாக எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற கதை ஒரு வகை, கல்வெட்டைப் போல ஆண்டு சொல்லுகிற சான்று வேறொரு வகை என்ற வேறுபாடு நாம் நினைப்பதைவிட விரைவாக அவர்களுக்குப் பிடிபடும்.

கேள்வி: என் மகள் படிக்கும் ஒரு புத்தகத்தில் ரோமானியரின் மூதாதை ஏனியாஸ் என்று இருக்கிறது, இன்னொன்றில் ரோமுலஸ் என்று இருக்கிறது. எது சரி?
— ஒரு தாய், ஆரணி

பதில்: இரண்டும் ரோமானியர் சொன்னவையே. ட்ராய் நகரம் எரிந்தபோது, முதிய தந்தை ஆங்கைசிஸைத் தோளில் சுமந்து, சிறுவனான மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறியவர் ஏனியாஸ். வீனஸ் தேவியின் மகன். பல ஆண்டுகள் கடலில் அலைந்து, கார்த்தேஜில் அரசி டைடோவைப் பிரிந்து, இத்தாலியின் லாட்டியம் பகுதியில் இறங்கி, லட்டினஸ் மன்னரின் மகள் லவினியாவை மணந்து, லவினியம் என்ற ஊரை அமைத்தார். அவர் மகன் அஸ்கானியஸ் ஆல்பா லோங்காவை நிறுவினார். அந்த அரச வழியில் பல தலைமுறைக்குப் பின் வந்தவர்களே இரட்டையர்.

இந்த இணைப்பு எப்படி உண்டானது என்பதுதான் சுவையான பகுதி. ட்ராய் வீழ்ந்த ஆண்டைக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் கி.மு. 1184 என்று கணித்தார். ரோம் நிறுவப்பட்டதோ கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று கருதப்பட்டது. ஏனியாஸின் பேரனாக ரோமுலஸை வைத்துப் பாடிய பழைய கவிஞர்களின் கணக்கு இதனால் ஒத்துவரவில்லை. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப ஆல்பா லோங்காவின் அரசர் பட்டியல் ஒன்று இடையில் வந்து அமர்ந்தது. தனித்தனியாக வழங்கிய இரண்டு கதைகளை ஒரே வமிசாவளியாகத் தைத்த தையல் அந்தப் பட்டியலில் வெளியே தெரிகிறது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் ஒரு காலக்கோடு வரைந்து பார்த்தாலே இதைத் தாமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏனியாஸ் கதைக்குப் பெரும்புகழ் தந்தது வெர்ஜில் இயற்றிய ‘ஏனியட்’ காப்பியம். கி.மு. 19இல் அவர் இறந்தபோது முழுத் திருத்தம் பெறாமலிருந்த அதன் 12 காண்டங்களும் அகஸ்டஸின் விருப்பப்படி வெளியிடப்பட்டன. ஜூலியஸ் சீசரின் குடும்பத்தார் ஏனியாஸின் மகன் வழி வந்தவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார்கள். சீசரின் தத்துமகனே அகஸ்டஸ். காப்பியம் யாருக்கு உவப்பாக இருந்திருக்கும் என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள். தேர்வில், ‘தொன்மத்தின்படி’ என்று தொடங்கி இருவரையும் எழுதினால் விடை முழுமையாகும்.

கேள்வி: ஏப்ரல் 21 ரோமின் பிறந்த நாள் என்கிறார்களே, அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்?
— பத்தாம் வகுப்பு மாணவர், இராணிப்பேட்டை

பதில்: தெரியாது, தம்பி. அந்த நாள் ஆட்டிடையர்களின் பாரிலியா திருவிழா நாள். இடையரிடம் வளர்ந்த ரோமுலஸின் கதைக்கு அது இயல்பாகப் பொருந்தியது. கி.மு. 753 என்ற ஆண்டு, கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாரோ என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் கணக்கு. அவருக்கு முன் வேறு சிலர் வேறு ஆண்டுகளைச் சொன்னார்கள். ஃபேபியஸ் பிக்டர் என்னும் முதல் ரோம வரலாற்றாசிரியர் சொன்னது கி.மு. 748 அல்லது 747.

கேள்வி: அண்ணன் தம்பியைக் கொல்வதும், சபைன் பெண்களைக் கவர்ந்து செல்வதும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கவையா? நான் அவற்றை விட்டுவிடுகிறேன்.
— ஆசிரியர், வாணியம்பாடி

பதில்: உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் விட்டுவிட வேண்டாம் என்றே சொல்வேன். மகாபாரதத்தின் குருதிப் பகையைச் சிறு வயதிலிருந்தே கூத்து மேடையில் பார்த்து வளரும் மண் நம்முடையது. பதினெட்டாம் போரை விடிய விடியப் பார்த்த பிள்ளைக்கு ரெமஸின் மரணம் புதிய அதிர்ச்சியாக இருக்காது. எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ரெமஸின் மரணத்திற்கு லிவி இரண்டு வடிவங்கள் தருகிறார்: சகுன வழக்கில் எழுந்த கைகலப்பில் வெட்டுண்டான் என்பது ஒன்று, பாதி எழும்பிய மதிலை ஏளனமாகத் தாண்டியதற்காக, ‘இனி என் மதிலைத் தாண்டும் எவனுக்கும் இதுவே முடிவு’ என்று ரோமுலஸே கொன்றான் என்பது மற்றொன்று. கொன்றவன் செலர் என்ற பணியாள் என மூன்றாவது வடிவமும் வேறு எழுத்தாளர்களிடம் இருக்கிறது. இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, ரோமுலஸின் பழியைக் குறைப்பது எது, கூட்டுவது எது என்று கேளுங்கள். குறைக்கும் வடிவம் ஏன் தேவைப்பட்டது என்பது அதிலிருந்தே வரும். உள்நாட்டுப் போர்களால் ரோம் சீரழிந்த கி.மு. முதல் நூற்றாண்டில், ரெமஸின் இரத்தம் மண்ணில் சிந்திய சாபமே தங்களைத் துரத்துகிறது என்று கவிஞர் ஹோரஸ் பாடினார். கி.மு. 27இல் ரோமுலஸ் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளும் எண்ணம் ஆக்டேவியனுக்கு இருந்தும், முடியாட்சி விரும்புகிறார் என்ற ஐயம் எழுமென்று அதைக் கைவிட்டு அகஸ்டஸ் என்ற பெயரை ஏற்றார். அந்தப் பெயரின் சுமை அத்தகையது.

சபைன் பெண்களைப் பற்றி ஒளிக்காமலும் கொச்சைப்படுத்தாமலும் சொல்லுங்கள். திருவிழா பார்க்க விருந்தினராக வந்த அண்டை நாட்டுச் சபைன் மக்களின் பெண்களை ரோமானியர் பலவந்தமாகப் பிடித்துச் சென்றார்கள். அது அநீதி, அக்கதையில் வரும் பெற்றோரும் அதை நம்பிக்கைத் துரோகம் என்றே குமுறுகிறார்கள். அதைக் காதல் கதையாக மாற்றிச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வகுப்பில் பெண் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். கட்டாயத்தைக் கட்டாயம் என்று ஆசிரியர் வாயால் அவர்கள் கேட்க வேண்டும். பிறகு போர் மூண்டபோது, தந்தையர் ஒரு புறமும் கணவர் மறு புறமும் நிற்க, அந்தப் பெண்களே படைகளுக்கு நடுவில் புகுந்து போரை நிறுத்தினார்கள். அதன் பயனாக சபைன் அரசர் டைடஸ் டேஷியஸும் ரோமுலஸும் சேர்ந்து ஆண்டார்கள் என்று கதை தொடர்கிறது. முதலில் வாயே திறக்க முடியாதிருந்தவர்கள் முடிவில் இரண்டு அரசர்களையும் பேச்சுக்கு இழுக்கும் இந்தத் திருப்பத்தை விட்டுவிட்டால் கதையே முடமாகிவிடும்.

கேள்வி: நம்மிடமும் ஆற்றிலும் கடலிலும் விடப்பட்ட குழந்தைகளின் கதைகள் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லலாமா?
— தமிழாசிரியர், ஆற்காடு

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். நம் பகுதிக்கே உரிய கதை இன்னொன்று இருக்கிறது. நாம் வாழும் நிலம் தொண்டை மண்டலம். அதன் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையனின் பிறப்பைப் பற்றி, அவனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஒரு செய்தி தருகிறார். சோழன் ஒருவனுக்கும் நாக கன்னி ஒருத்திக்கும் பிறந்த குழந்தை, தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட, திரை கொண்டுவந்து கரை சேர்த்தது என்பது அது. நீரில் விடப்பட்டுப் பிழைத்த பிள்ளை ஒரு நாட்டின் தலைவனாகிறான். டைபர் கரையில் நடப்பதும் இதுவே. நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கருத்து. பாட்டுடைத் தலைவனுக்கும் உரையாசிரியருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல். லிவியிடம் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். நம் கதைக்கு ஒரு நீதி, அயலார் கதைக்கு வேறொரு நீதி என்று இல்லாமல் இருப்பதை மாணவர்கள் கவனிப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒத்த கதை இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டக் கூடாது. மெசொப்பொத்தேமியாவின் அக்காடு நாட்டு அரசர் சர்கோனும் நாணல் கூடையில் ஆற்றில் விடப்பட்டவர் என்றே சொல்லப்படுகிறார். எந்த உறவும் நிறுவப்படாமலேயே இத்தகைய கதைகள் பல நாடுகளில் கிடைக்கின்றன. அடுத்து, கிறித்தவப் பிள்ளைகள் மோசேயையும் இஸ்லாமியப் பிள்ளைகள் மூசா நபியையும் நினைவுகூர்ந்து கை உயர்த்துவார்கள். அந்த நினைவை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவரது நம்பிக்கையை வகுப்பில் சோதனைக்கு உட்படுத்துவது நம் வேலை அன்று. ஒப்பிடுவதைக் கதையின் அமைப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: ரோமுலஸ் இருந்ததற்குத் தொல்லியல் சான்று ஏதேனும் உண்டா? ஓநாய்ச் சிலை பழையது என்கிறார்களே?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, காட்பாடி

பதில்: ரோமுலஸ் என்ற மனிதருக்குச் சான்று இல்லை. ஆனால் பாலடைன் குன்றின் பாறையில், குடிசைகளுக்கு மரக்கால் நட்ட குழிகள் கிடைத்துள்ளன. அவற்றின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அதே குன்றின் அடிவாரத்தில், 1980களில் இத்தாலியத் தொல்லியலாளர் ஆந்த்ரேயா கரண்டினி நடத்திய அகழாய்வில் அந்த நூற்றாண்டைச் சேர்ந்ததாக அவர் கருதிய மதில் ஒன்றின் தடயம் வெளிப்பட்டது. அதை ரோமுலஸின் கதையோடு அவர் இணைத்ததைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. பிற்காலத்தில் சந்தையும் மன்றமுமாக விளங்கிய ஃபோரம் பள்ளத்தாக்கில், பழைய நாளில் பிணங்களைப் புதைத்திருக்கிறார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில்தான் அந்தச் சதுப்பைத் திருத்திப் பொது இடமாக்கினார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் ஒரே நாளில் ஏர் ஓட்டி எல்லை வகுத்த நகரமாக அன்றி, குன்றுகளின் மேல் இருந்த சிற்றூர்கள் மெல்ல ஒன்றுகூடி வளர்ந்த நகரமாகவே ரோம் தெரிகிறது. மண்ணிலுள்ள குழியை வைத்து வீட்டை அறியும் முறை உனக்குப் புதிதன்று; திருப்பத்தூர் அருகே பையம்பள்ளி அகழாய்வில் புதிய கற்கால மக்களின் குழி வீடுகளை அறிந்ததும் இவ்வகையில்தான்.

சிலையைப் பற்றி நீ கேட்டது நல்லது. புத்தகங்களில் வரும் வெண்கல ஓநாய் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்ருஸ்கன் (ரோமுக்கு வடக்கே வாழ்ந்த பழைய மக்கள்) படைப்பு என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. இந்த நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள், அது இடைக்காலத்தில் வார்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று காட்டின. அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. அடியில் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகளும் 15ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. கதையின் பழமைக்கு அந்தச் சிலையைக் காட்டக் கூடாது. கி.மு. 296இல் அத்தி மரத்தடியில் ஓநாயும் இரட்டையரும் கொண்ட சிலை ஒன்று நிறுவப்பட்டது என்ற லிவியின் குறிப்பையும், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அதே உருவம் பொறித்து ரோமானியர் வெளியிட்ட வெள்ளி நாணயத்தையும் காட்டலாம்.

கேள்வி: இந்தப் பாடத்திற்காக மாணவர்களை எங்காவது அழைத்துச் சென்று நேரில் காட்ட முடியுமா?
— தலைமையாசிரியை, சோளிங்கர்

பதில்: முடியும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில், தமிழகத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானிய நாணயங்களின் பெருந்தொகுதி இருக்கிறது. இங்கே மிகுதியாகக் கிடைத்த வெள்ளி நாணயங்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோருடையவை. அகஸ்டஸின் பேரர்களான கேயஸ், லூசியஸ் ஆகிய இருவரும் கேடயங்களோடு நிற்கும் நாணயம் அவற்றுள் ஒரு வகை. அதன் முன்பக்கத்தில் அகஸ்டஸின் தலையைச் சுற்றி, அவர் ‘தெய்வமானவரின் மகன்’ என்று லத்தீனில் பொறித்திருப்பார்கள். தெய்வமானவர் என்பது ஜூலியஸ் சீசர். அவருடைய குலம் ஏனியாஸ் வழியாக வீனஸிடம் போய்ச் சேர்வதாகச் சொல்லிக்கொண்ட குலம். வெர்ஜில் காப்பியம் பாடிய தலைமுறையில், அந்தக் காப்பியம் போற்றிய குடும்பத்தின் உரிமைக்கோரல் ஒரு சிறு வெள்ளிக் காசில் ஏறி மிளகுக்கும் மணிக்கும் விலையாக நம் நாடு வந்திருக்கிறது. மாணவர்கள் அந்த எழுத்துகளைத் தாமே கூட்டிப் படிக்கும்படி, எழுத்துகள் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றை முன்கூட்டியே வகுப்பில் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் காசு மிகச் சிறியதாகத் தெரியும். நாணயக் காட்சிக்கூடம் அன்று திறந்திருக்குமா என்பதையும் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் பேருந்தை ஏற்பாடு செய்யுங்கள்.